பாஸ்கலுக்கு டிஸ்சார்ஜ்

“ஹலோ... ஹலோ! மிஷன் ஆஸ்பத்திரியா? ... பாளையங்கோட்டைதான? ... ஆமா... ஆமா, ஆமா, தூத்துக்குடியிலேந்து. டிரங்கு காலு... கத்தாம என்னய்யா செய்ய? நீரு கெணத்துக்குள்ளருந்து பேசுத மாதிரிலா கேக்கு... எலும்பு வார்டுல பாஸ்கல்னு ஒரு ஆளு கெடக்கான்... ஆமா, துறைமுகத்துல காலு ஒடிஞ்சு வந்தவன். அவனப் பாத்துக்கிடுத சிஸ்டரக் கூப்பிடும்... ஜெபகனி சிஸ்டர், அவங்கதான்... சாப்பிடுதாங்களா? ஆளத் தெருவுல தள்ளப் போற நாள்லயும் எறங்குதாக்கும் சோறு? ... நீரு கூப்பிடும்யா! கூப்பிட்டாத்தான் இங்கருந்து நகருவேன்.”

ரிசீவரை ரோச் இரண்டு கைகளாலும் பிடித்திருந்தான். கோதுமை மூட்டையின் இரண்டு காதுகளையும் பிடித்துப் பழகிய கைகள். இவ்வளவு இலேசான சாமானை எப்படிப் பிடிப்பது என்று அவற்றுக்குத் தெரியவில்லை. பீச் ரோட்டில் இருந்த கப்பல் ஏஜெண்டு ஆபீஸ் அது. மேசைக்கு அந்தப் பக்கம் கிளார்க் சுந்தர்சிங் உட்கார்ந்து, ஜன்னல் வழியே ஜெட்டியைப் பார்ப்பதும் ரோச்சைப் பார்ப்பதுமாக இருந்தார். ஜெட்டியில் லாஞ்சு நின்றது. வெளிக்கடலில் நங்கூரம் போட்டிருந்த கோதுமைக் கப்பலுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டிய லாஞ்சு.

“ரோச்சு, அவங்க வரதுக்குள்ள லாஞ்சு போயிரும்டே.”

“போட்டும் அண்ணாச்சி.”

“ஒனக்கென்ன, போட்டும்ப. காத்து மாறுததுக்குள்ள கப்பல டிஸ்சார்ஜ் பண்ணலன்னா ஏஜெண்டு என் தலையத்தான் உருட்டுவாரு.”

“அந்த வார்த்தைய இன்னைக்கு எங்கிட்டச் சொல்லாதிய அண்ணாச்சி. சொல்லிட்டேன்.”

அந்த வார்த்தையோடு ரோச்சுக்கு நெடுநாள் பழக்கம் இருந்தது. எழுத்துக்கூட்டத் தெரியாத வயசிலேயே அவன் வாயில் புழங்கிய இங்கிலீஷ் அது. கப்பல் வந்து நின்றால் சரக்கு இறக்குவது டிஸ்சார்ஜ். அப்படியென்றால் வீட்டில் உலை கொதிக்கும். அவனுடைய மாமன் ஒருத்தர் கப்பலில் சமையல் வேலைக்குப் போய் வந்தவர். அவரிடம் டிஸ்சார்ஜ் புக்கு என்று ஒன்று இருந்தது. ஒரு கப்பலை விட்டு இறங்கும்போதெல்லாம் கேப்டன் அதில் முத்திரை குத்தி, இவன் நல்லவன் என்று எழுதிக் கொடுப்பாராம். மாமன் அதை மாதா படத்துக்குப் பின்னால்தான் வைப்பார், மற்றவர்கள் தொடக்கூடாது. அதே வார்த்தையை மில் வாசலில் எழுதி ஒட்டிய அன்றைக்கு ரோச்சின் தம்பி வீட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்தவன், மழைக்காலம் முடிகிறவரை எழுந்திருக்கவில்லை. பட்டாளத்தில் டிஸ்சார்ஜ் ஆனவன் டிரங்குப் பெட்டியோடு மீசையை முறுக்கிக்கொண்டு வருகிறான். கோர்ட்டில் டிஸ்சார்ஜ் ஆனவன் தலையைக் குனிந்துகொண்டு வருகிறான், குற்றமில்லை என்று சொல்லித்தான் விட்டிருப்பார்கள், இருந்தாலும். பக்கத்து வீட்டு ரேடியோ பாட்டு நடுவில் முனகிச் செத்தால் அதற்கும் இதுதான், பேட்டரி டிஸ்சார்ஜ். ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரன் இத்தனை காரியம் பார்த்திருக்கிறான், நமக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் எந்தக் காரியம் என்று விசாரிக்க வேண்டியிருக்கிறது என்று ரோச் நினைத்துக்கொள்வான்.

இன்றைக்குக் காலையில் பெயர் கூப்பிடும்போது, “பாஸ்கலுக்கு டிஸ்சார்ஜாம்டே” என்று சுந்தர்சிங் பொத்தாம் பொதுவாகச் சொன்னபோது அவனுக்கு மில் வாசல்தான் ஞாபகம் வந்தது. வேலை போகவில்லை, ஆஸ்பத்திரியிலிருந்துதான் போன் வந்தது, நாளைக்கு அனுப்புகிறார்களாம் என்று அவர் விளக்கிச் சொன்னார். சொன்ன பிறகுதான் கோபமே வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தபோது அந்தக் கால் கட்டுக்கு மேலேயும் கீழேயும் வீங்கி, விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. அந்தக் காலோடு ஒருத்தனை எப்படி அனுப்புவார்கள்? கம்பெனி செலவில் டிரங்கு கால் போட்டுக் கொடுத்தால்தான் நகருவேன் என்று அவன் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

“ஹலோ... சிஸ்டரா? ... ஸ்தோத்திரம் இருக்கட்டும்மா. நான் பாஸ்கலுக்கு ஜோடி, ரோச்சு... ஆமா, ஞாயித்துக்கெழம மீன் கொழம்பு கொண்டாந்தவன்தான்... ஆமா, ஆமா, வார்டெல்லாம் நாறுதுன்னு ஏசுனியளே, அதே ஆளுதான்... அத விடுங்க. அவன எதுக்கு நாளைக்கு டிஸ்சார்ஜ் பண்ணுதிய? ... என்னது? இன்னும் நிக்கலியா? எது நிக்கல? ... ஓ. சீழு... சீழையா சொல்லுதிய? ... அதுக்கும் அந்தப் பேருதானா! நல்லாருக்கும்மா, ரொம்ப நல்லாருக்கு. சீழு வெளிய வந்தாலும் டிஸ்சார்ஜி, ஆளு வெளிய வந்தாலும் டிஸ்சார்ஜி. ஒங்களுக்கு ரெண்டும் ஒண்ணு. பஞ்ச வச்சுத் தொடச்சு எறிஞ்சுட்டுப் போவிய...”

அவன் குரலைக் கேட்டு வாசலில் குத்தவைத்திருந்த ஒருவன் எழுந்து எட்டிப் பார்த்தான். சுந்தர்சிங் கையைக் காட்டி அவனை உட்காரச் சொன்னார்.

“இல்லம்மா, நீங்க கோவப்படாதிய. கோவம் இப்பம் எம்பக்கம்... சீழு வடியுதுன்னு நீங்களே சொல்லுதிய, அப்புறம் எப்படி அனுப்புதிய? ... கட்டிலு வேணுமா? அத நேராச் சொல்லுங்க. ஒங்க சபையச் சேந்த நாசரேத்து வாத்தியார் யாராவது வயித்து வலின்னு வந்துட்டாரா அந்தக் கட்டிலுக்கு?”

சுந்தர்சிங்குக்குச் சொந்த ஊர் நாசரேத்து. தகப்பனார் வாத்தியார். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேனா மூடியைத் திருகினார்.

“மூட்ட தூக்குதவன்னா காலு சும்மா ஒட்ட வச்சிருக்கிற காலுன்னு நெனச்சியளா? எங்களுக்கு... இல்ல, நான் பேசி முடிச்சுக்கிடுதேன்... எங்களுக்கு அந்தக் காலுதான் வீடு, வாசல், எல்லாம். கப்பல் வயித்துக்குள்ள சிலிங் கயிறு அத்து வந்து விழுந்த மூட்டையக் கூட நான் மன்னிச்சிருவேன் சிஸ்டர், அதுக்கு அறிவு கெடையாது. நீங்க படிச்சவிய... என்ன? ... இருங்க. இருங்க, இன்னொரு மட்டம் சொல்லுங்க... யாரு கேட்டா?”

ரோச் சுவரில் மாட்டியிருந்த கப்பல் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“... அவனா? பாஸ்கலே கேட்டானா? ... ஒங்க ஆபீசு அனுப்பலியா? ... டாக்டர் முடியாதுன்னாரா... இப்பம் எறங்கிப் போனா காலு போயிரும்னா சொன்னாரு? ... அவங்காதுல விழுத மாதிரிதான் சொன்னாரா? ... அதுக்கப்புறமும் போறேங்கானா! ... எம்பொறுப்புல போறேன்னு கையெழுத்துப் போட்டுத் தாரேங்கானா... நாலு நாளா ஒங்கள உயிர எடுக்கானா... ஆமா... ஆமா, ஆமா, அவன் அப்படித்தான் சிஸ்டர், பிடிச்சா விட மாட்டான்... ஏன்னு கேட்டியளா? ... எங்கிட்டத்தான் கேக்கணுங்கியளா? எனக்கெப்படிம்மா தெரியும்? ... அவனக் கூப்பிடுங்க. கூப்பிடுங்க சிஸ்டர், நான் பேசுதேன்... வார்டுலேந்து எப்படி வருவான், தூக்கிட்டு... சரி. சரி. நான் நிக்கேன்.”

அங்கே ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுப் போன சத்தம் கேட்டது. இத்தனை நேரம் ஏசியது எல்லாம் ஆள் மாறிப் போய்விட்டது. ஆனால் வந்த கோபம் திரும்பிப் போக வழி தெரியாமல் அங்கேயே நின்றது.

“அவனாத்தான் கேட்டானாமா?” என்றார் சுந்தர்சிங்.

“ஆமாங்காவ.”

“ஏன்னு எனக்குத் தெரியும். ஒனக்கும் தெரியும்.” அவர் வாசலைக் காட்டினார். “இந்தா, வளன் உக்காந்திருக்கான். ஆலந்தலையிலேந்து வந்த நாள் முதலா ஜோடி இல்லாம உக்காந்திருக்கான். நீயும் இல்லாம இருக்க. ரெண்டு பேரையும் சேத்து எழுதிட்டா கப்பலும் நகரும், நீயும் சாப்பிடலாம். ஒங்க முறையக் கொஞ்சம் கட்டி வச்சிட்டுப் பாருடே.”

கப்பல் வயிற்றுக்குள் மூட்டை தூக்குகிறவர்களுக்கு அது ஒரு முறை. ஒரு மூட்டைக்கு இரண்டு பேர். எதிர் எதிராக நின்று, காதைப் பிடித்து, ஒரே மூச்சில் தூக்கி, ஆட்டி, கிரேன் மேலே இழுக்கும் சிலிங் கயிற்று வலையில் போட வேண்டும். உயரமும் மூச்சும் ஒத்துப்போன ஆள் கிடைத்துவிட்டால் பிறகு சாகிறவரை அவன்தான் ஜோடி. கல்யாண வீட்டுக்குக்கூட இரண்டு பேரையும் சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். ஒருவன் படுத்துவிட்டால் மற்றவன் வேறு ஆளோடு கை சேர்க்க மாட்டான். சேர்த்துவிட்டால் படுத்தவனுக்குத் திரும்பி வர இடம் இல்லை. பிறகு அவன் ஒற்றை ஆள். ஒற்றை ஆளை யாரும் கப்பலுக்குள் கூப்பிட மாட்டார்கள், தெருக் கூட்டக் கூப்பிடுவார்கள். அதனால் ரோச் காத்திருந்தான். பாஸ்கலிடம் மட்டும், கரையில் கொடவுன் வேலைக்குப் போகிறேன், நல்ல வேலை, நிழலில் வேலை என்று சொல்லி வைத்திருந்தான்.

“ஹலோ? ... யாரு? ... ஆப்பரேட்டரம்மா, கட் பண்ணிராதீங்க! இன்னும் பேசவே இல்ல... நீட்டிக்கிடுங்க... ஆமா, கம்பெனி போனுதான், எழுதிக்கிடுங்க.” சுந்தர்சிங்கின் முகத்தைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டான். “ஹலோ... ஹலோ? ... ஏலே! ஏலே பாஸ்கலு! ... நான்தாம்லே. எப்படி வந்த போனுக்கு? ... குச்சி வச்சு நடந்தா? யாருலே ஒன்ன நடக்கச் சொன்னா? தூக்கிட்டு வரலாம்லா? ... சிரிக்காத. சிரிக்காதலே, எனக்கு இங்க வயிறு எரியுது.”

“... ஆமா... ஆமா, எல்லாரும் நல்லாருக்காவ. ஒம்பொண்டாட்டி ஹில்டா நல்லாருக்கா, பிள்ளையளும் நல்லாருக்கு. நேத்துக்கூட எங்க வீட்டுலதான் சாப்பிட்டுதுவ... அத விடுலே. நீ என்னமோ கையெழுத்துப் போடப் போறியாம். எழுதப் படிக்கக் கத்துக்கிட்டது இதுக்குத்தானா? ... காலு போயிரும்னு டாக்டரு சொல்லுதாரு, நீ... அவருக்கென்ன தெரியுமா? அவருக்குத் தெரியாம ஒனக்குத் தெரியுமோ? நீ என்ன காலுக்குப் படிச்சியா?”

“... நானா? எனக்கென்ன கொற? சோலிக்குத்தான் போறேன்... கொடவுன்லதான். ஆமா... ஆமா, அங்கனயேதான்... கூட யாரா? யாரோ ஒருத்தன், ஒனக்கெதுக்கு அது... எந்த உப்பளம்?”

அவனையறியாமல் வலது கை ரிசீவரை விட்டு இறங்கி முதுகுக்குப் பின்னால் போனது. உப்பு அறுத்து விரல் இடுக்கெல்லாம் வெடித்துக் கிடந்த கை. பாளையங்கோட்டையிலிருந்து பார்க்கவா போகிறார்கள், இருந்தாலும் மறைத்துக்கொண்டான்.

“ஆறுமுகநேரிக்கு நான் எதுக்குப் போறேன்? ... யாரு சொன்னா? ... யாரு சொன்னான்னு கேக்கேன்! ... பிலோமினாவா? எம்பொண்டாட்டியா? அவ எப்பம்லே அங்க வந்தா? ... புதன்கெழமையா! ஆலந்தலையில சித்தி வீட்டுக்குப் போறேன்னுலா பஸ்சு ஏறுனா! ... அழுதாளா? ஒங்கிட்டயா வந்து அழுதா? ... ஆகட்டும். வீட்டுக்குப் போயி அவள... ஏசாம? ஏசாம அவளக் கொஞ்சவா செய்யணும்? என் வீட்டுச் சோத்துப் பானையில என்ன கெடக்குன்னு ஆஸ்பத்திரியில வந்தா சொல்லுவா?”

சுந்தர்சிங் எழுந்து ஜன்னலுக்குப் போய் ஜெட்டியைப் பார்த்துக் கையசைத்தார். லாஞ்சு ஒரு தடவை ஊதியது.

“... அது லாஞ்சு. கப்பலுக்குப் போவுது... கோதுமைதான். எல்லாரும் போறாவ... நான் போகலன்னா ஒனக்கென்ன? ... ஏலே, நான் காத்திருக்கணுமா வேண்டாமான்னு நான்தான் முடிவு பண்ணணும், நீ கட்டில்ல படுத்துக்கிட்டு முடிவு பண்ணாத. உப்பு தலையில சொமந்தா நான் கரைஞ்சா போயிருவேன்? ... கண்ணு செவந்துட்டுன்னு அவ சொன்னாளாக்கும். கண்ணு எனக்குப் பொறக்கும்போதே செவப்புலே!”

“... வந்து என்ன செய்வ? அதச் சொல்லு மொதல்ல. ஒத்தக் காலுல நின்னு மூட்டையப் பிடிப்பியா? ... கட்டுப் போட்டுக்கிட்டா? ... மெதுவாத் தூக்குவோமா! மூட்ட என்ன கொழந்தையாலே, மெதுவாத் தூக்க? சிலிங்கு மேல போயிட்டு இருக்கும், கீழ ஒதுங்கத் துப்பில்லாம நிப்ப, இன்னொரு மூட்ட வந்து தலையில விழும்... ஆமா, சாவுதேன்னு சொல்லு, அதையும் சொல்லு... ஏலே, பனிமய மாதா மேல ஆணையாச் சொல்லுதேன், நீ அந்தக் கையெழுத்தப் போடப்படாது... நீயும் ஆணை போட்டுட்டியா? அதே மாதா மேலயா? எனக்கு முந்தியேவா? ... அட பாவி. அவ இப்பம் யாரு பேச்சக் கேப்பா?”

அவனுக்கே சிரிப்பு வந்துவிடும்போல் இருந்தது. அதை விழுங்கிக்கொண்டான். பாஸ்கல் சிரிக்க வைத்தே காரியத்தைச் சாதித்துக்கொள்கிறவன். இப்படித்தான் ஒவ்வொரு சண்டையிலும் ரோச் தோற்றிருக்கிறான்.

“... எந்த பஸ்சு? மத்தியான பஸ்சா? நாளைக்குன்னுலா சொன்னாவ... இன்னைக்கேவா? துணியெல்லாம் கட்டியாச்சா? ... ஏலே, வேண்டாம். கேளு. சொல்லுததக் கேளு மக்கா... நான் இன்னும் ஒரு மாசங்கூட இருப்பேன், எனக்கு ஒண்ணும்... இல்ல... இல்லலே... இல்லங்கேன்ல!”

அங்கே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ரோச் கேட்டுக்கொண்டே நின்றான். திட்டிப் பார்த்தாயிற்று, கெஞ்சிப் பார்த்தாயிற்று. அவனால் சொல்ல முடிந்தது எல்லாமே அந்தப் பக்கம் போனதும் புறப்படுவதற்கு இன்னொரு காரணமாக மாறிவிட்டது. நான் காத்திருக்கிறேன் என்பதுதான் அவனை எழுப்பி நடக்க வைக்கிறது. அப்படியானால்...

ரோச் வாசலைப் பார்த்தான். வளன் முழங்காலைக் கட்டிக்கொண்டு, இடது கையால் மண்ணில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தான். முப்பது வயசு இருக்கும். உடம்பு நல்ல உடம்பு. இடக்கைக்காரன் என்பதால் யாரும் அவனோடு சேரவில்லை.

“ஏலே பாஸ்கலு,” என்றான். குரல் இறங்கிவிட்டிருந்தது. “நீ வந்தாலும் இங்க ஒனக்கு எடமில்ல.”

“... காதுல விழுந்துச்சா? எனக்கு ஜோடி கெடச்சாச்சு... வெளையாட்டுக்குச் சொல்லல.”

“... ஹலோ? ... ஏலே, இருக்கியா?”

“... வளன். ஆலந்தலைக்காரன்... ஆமா, அந்த பீச்சாங்கைக்காரன்தான். பீச்சாங்கைன்னா மூட்ட ஏறாதா? ... உயரம் சரியாத்தான் இருக்கு. ஒன்ன விட ஒரு விரக்கட கூட... என்னைக்கிலேந்தா? போன... போன வாரத்துலேந்து... பிலோமினாவுக்குத் தெரியாது, அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிக்கிட்டா இருப்பேன்? ... பின்ன எத்தன நாளு காத்திருக்க? எனக்கும் புள்ளகுட்டி இருக்கு. ஒனக்காவ நான் பட்டினி கெடக்கணும்னு எந்த வேதத்துல எழுதியிருக்கு?”

சுந்தர்சிங் ஜன்னலிலிருந்து திரும்பினார். ரோச்சையும் வாசலில் இருந்த வளனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“... என்ன சொன்ன? ... அந்த வார்த்தைய எங்கிட்டச் சொல்லாத. அது கம்பெனிக்காரன் தொழிலாளியப் பாத்துச் சொல்லுத வார்த்தை, நீ என்னப் பாத்துச் சொல்லாத. நான் ஒன்ன டிஸ்சார்ஜும் பண்ணல ஒரு மண்ணும்... சரி. சரிலே! அப்படியே வச்சுக்கோ. அந்தப் பேருதான் ஒனக்குப் பிடிச்சிருக்குன்னா வச்சுக்கோ. பண்ணிட்டேன். போதுமா? இனி காலு ஒழுங்கா நிக்கும் முன்னால இந்தப் பக்கம் வந்தியோ, ஜெட்டியிலயே வச்சு...”

அவனால் அதை முடிக்க முடியவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நெற்றியைத்தான் துடைத்தான் என்று சொல்லலாம்.

“... பொய்யா? நான் எதுக்குலே பொய் சொல்லுதேன்? ... வளங்கிட்டப் பேசணுமா? எதுக்கு? ... நம்ப மாட்டியா? எம்பேச்ச நம்ப மாட்ட, அவம்பேச்ச நம்புவ... இருக்கான். இங்கனதான் இருக்கான். நில்லு.”

பேசுகிற பக்கத்தை உள்ளங்கையால் அழுத்தி மூடினான்.

“ஏலே வளன்! உள்ள வா. ஓடி வா.”

வளன் செருப்பில்லாத காலை வாசலில் துடைத்துவிட்டு வந்தான்.

“இந்தா. இதுல பாஸ்கல் பேசுதான். அவன் என்ன கேட்டாலும் ஆமான்னு சொல்லு.”

“என்னண்ணே கேப்பாரு?”

“நீ எனக்கு ஜோடின்னு சொல்லணும். போன வாரத்துலேந்து.”

வளனின் முகம் விளக்கேற்றியதுபோல் ஆனது. “நெசமாவாண்ணே?”

ரோச் அவனையும் ரிசீவரையும் பார்த்தான். பொய்யென்றால் இரண்டு நாளில் யார் வாய் வழியாகவாவது பாளையங்கோட்டைக்குப் போய்விடும். பிலோமினா ஒருத்தி போதும்.

“அண்ணாச்சி,” என்றான், சுந்தர்சிங்கைப் பார்க்காமல். “எழுதிக்கிடுங்க. ரெண்டு பேரையும் சேத்து. லாஞ்ச நிக்கச் சொல்லுங்க.”

சுந்தர்சிங் பேனாவைத் திறந்தார். வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டது; ஆனாலும் எழுதுவதற்கு நேரம் எடுத்துக்கொண்டார்.

வளன் ரிசீவரைத் தலைகீழாகப் பிடித்தான். ரோச் அதைப் பிடுங்கித் திருப்பிக் கொடுத்தான். “காதுல வைலே, அந்தப் பக்கம்.”

“ஹலோ... ஆமாண்ணே, வளன்தான்... ஆமா... ஆமா, ஆமா, ஜோடிதான்... போன வாரத்துலேந்து... இன்னைக்கா? இன்னைக்கும் கப்பலுக்குத்தான்... எழுதியாச்சுண்ணே, இந்தா அண்ணாச்சி எழுதுதாரு... ம்... இல்லண்ணே, தூக்கும்போது ஒங்கள மாதிரிப் பாட வராது... கத்துக்கிடுதேன்... ம்... ஆமா, இடக்கைதான்... அப்பம் நான் எதிர்க்க நிக்காம ஒரு எட்டு தள்ளி நிக்கணுமா? ... சரிண்ணே.”

ரோச் பொறுமையில்லாமல் கையை நீட்டிக்கொண்டு நின்றான். வளன் காதோடு கவனமாய்க் கேட்டான். பூசையில் நிற்பவனைப்போல் நிமிர்ந்துவிட்டான்.

“... வலது முட்டியா? யாருக்கு, ரோச்சண்ணனுக்கா? ... தூக்கி நிமிரும்போது மடங்கிருமா? ... எனக்குத் தெரியலியே... அவருக்கே தெரியாதா? ... ம்... மூட்டைய எம்பக்கமாச் சாச்சுக்கிடணும்... லேசாவா, நெறையவா? ... நெறைய... நீங்க அப்படித்தான் தூக்குனியளாண்ணே? ... எப்பலேந்து? ... ஆத்தாடி... சரி... இல்ல, சொல்ல மாட்டேன். மாதா மேல ஆணையாச் சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிஞ்சா கப்பலுக்கே வர மாட்டாரு, ஆமா...”

ரோச் குனிந்து தன் வலது முழங்காலைப் பார்த்தான். அது அவனுடைய கால்தான் என்பதுபோல் அங்கே நின்றுகொண்டிருந்தது.

“... கையெழுத்துப் போடலியா? ... சரிண்ணே, சொல்லுதேன். சிஸ்டர்ட்டத் திருப்பிக் குடுத்துட்டியளா அந்தத் தாள? ... ஆமா, கட்டிலுக்குப் போங்க, மெதுவாப் போங்க... நான் பாத்துக்கிடுதேன். நீங்க கால நல்லாக்கிட்டு... ம்... சரி... சரிண்ணே. வச்சிருதேன்.”

ரோச்சின் கை ரிசீவரைத் தொடும் முன்னாலேயே வளன் அதைப் பக்குவமாக, இரண்டு கைகளாலும், அதன் இடத்தில் வைத்துவிட்டான். டங்கென்று ஒரு சின்னச் சத்தம் வந்தது.

“ஏலே! யாரக் கேட்டுலே வச்ச?” ரோச் கத்திய கத்தலில் ஜெட்டியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “நான் பேசாண்டாமா? இங்க ஒருத்தன் மரம் மாதிரி நிக்கேன்லா, எங்கிட்டக் குடுக்கணும்னு தெரியாண்டாமா ஒனக்கு?”

வளன் பயந்துபோய் இரண்டு எட்டு பின்வாங்கினான்.

“அவருதாண்ணே வைக்கச் சொன்னாரு,” என்றான். “ஒங்ககிட்டக் குடுக்க வேண்டாம்னாரு.”